அணியில் சேராத சொல்

காலையில், தான் வேலை செய்யும் வீட்டு முதியவர் சிஞ்ஞோரா மிரெல்லாவைக் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, மதியச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு வேணுகா பள்ளிக்கூடம் போவாள். முப்பத்தெட்டு வயதில் புத்தகப் பையோடு பலேர்மோவின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே முன்னால் பஸ்ஸை விட்டு இறங்க முதலில் வெட்கமாக இருந்தது. வகுப்பில் தன்னைவிட மூத்தவர்களும் இருப்பதைக் கண்டபின் அந்த வெட்கம் போய்விட்டது.

ஆஸ்பத்திரிகளில் நோயாளரைப் பராமரிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அதற்கு இத்தாலியின் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். விசுவமடுவில் படித்ததற்கான கடதாசிகள் இடம்பெயர்வில் போய்விட்டன. ஆகவே பெரியவர்களுக்கான இந்தப் பிற்பகல் வகுப்பில் சேர்ந்து, பூகோளமும் கணக்கும் இத்தாலிய இலக்கணமும் மறுபடி படித்தாள். அக்டோபரில் கவிதை தொடங்கியது.

கவிதையைப் பற்றி அவள் பயப்படவில்லை. ஊரில் தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிடித்த பாடமே அணியிலக்கணம்தான். ஆசிரியை சில்வானா கரும்பலகையில், 'அவள் குரல் தேன் போல' என்று இத்தாலியனில் எழுதி, 'போல' என்பதற்கு நிற்கும் 'கோமே' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இந்தச் சின்னச் சொல் நிற்கும்வரை நீங்கள் இரண்டு பொருளை அருகருகே வைத்துப் பார்க்கிறீர்கள். இதை அழித்துவிட்டால் ஒன்றே மற்றதாகிவிடும்."

வேணுகா கொப்பியின் ஓரத்தில் தமிழில் உவமை, உருவகம் என்று எழுதிக்கொண்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த கொட்வின் எட்டிப் பார்த்தான். மன்னார்ப் பக்கத்துப் பெடியன். வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

"அக்கா, என்ரை மனிசி சிங்கம் மாதிரி எண்டால் உவமை, என்ன?"

"ஓம்."

"என்ரை மனிசி சிங்கம் எண்டால்?"

"உருவகம்."

"அப்ப உவமைதான் நல்லது. தப்பி ஓடக் கொஞ்சம் இடம் இருக்கு."

வேணுகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசிரியை என்னவென்று கேட்க, கொட்வின் எழும்பி நின்று இத்தாலியனில் அதையே சொன்னான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. "சரியாகப் பிடித்துவிட்டீர்கள்" என்றார் சில்வானா. "உங்கள் மனைவிக்கு நான் சொல்ல மாட்டேன்."

அதன்பிறகு அவர் அடுத்த அணிக்கு வந்தார். சொல்லக் கூசும் ஒன்றை மென்மையான சொல்லால் மூடிச் சொல்வது. நம்மூரில் மங்கலச்சொல் என்று படித்தது இதுதான் என்று வேணுகாவுக்கு உடனே விளங்கியது.

"வரும் வழியில் சுவர்களில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்" என்றார் சில்வானா. "அவற்றில் ஒன்றிலாவது மோர்த்தோ, இறந்துவிட்டார், என்று எழுதியிருக்கிறதா? இருக்காது. அணைந்தார் என்றிருக்கும். நம்மை விட்டுக் குறைந்தார் என்றிருக்கும். இல்லாவிட்டால் இப்படி இருக்கும்." அவர் கரும்பலகையில் எழுதினார்: ஸ்கொம்பார்சோ.

வேணுகாவின் பேனை நின்றது.

அவள் கையை உயர்த்தினாள். வகுப்பில் தானாகக் கை உயர்த்துகிறவள் அல்ல. "புரொபசோரெசா, ஸ்கொம்பார்சோ என்றால் காணாமல் போனவர் இல்லையா?"

"அகராதியில் அதுதான் பொருள். மலையில் வழி தவறி ஒருவர் காணாமல் போனாலும் அதையே சொல்வோம். ஆனால் ஒரு பெண் வந்து, என் கணவர் ஸ்கொம்பார்சோ என்று அமைதியாகச் சொன்னால், அவர் இறந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். உடனே அனுதாபம் சொல்வார்கள்."

ஆசிரியை ஓர் எடுத்துக்காட்டாகத்தான் அதைச் சொன்னார். வேணுகாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

வேணுகாவின் கணவன் பெயர் கபிலன். தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவன். போர் முடிந்த நாட்களில், சனங்களோடு சனமாக வெளியே வந்த இடத்தில், இராணுவத்தினர் அவனையும் வேறு ஆண்களையும் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆறு மாதக் குழந்தையான சிவானுஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேணுகா பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போனது. அதன்பிறகு அவனைக் கண்டதாக எவரும் சொல்லவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று பிறகு அதிகாரிகள் வந்து கேட்டார்கள். அவள் வாங்கவில்லை. சித்தப்பா சிறீஸ்கந்தராசா அவளை வீட்டு வேலைக்கு பலேர்மோவுக்குக் கூப்பிட்டு எடுத்தார். மகளை இரண்டு வருடம் தாயிடம் விட்டுவிட்டு அவள் வந்தாள், பிறகு மகளையும் கூப்பிட்டுக்கொண்டாள். இந்தப் பதினாறு வருடத்தில் அவள் நெற்றியில் குங்குமம் இல்லாமல் வெளியே வந்த நாள் கிடையாது.

வந்த புதிதில் சித்தப்பாவிடம்தான் கேட்டாள், காணாமல் போனவர் என்று இத்தாலியனில் எப்படிச் சொல்வது என்று. அவர் தன் சின்ன அகராதியைப் புரட்டிச் சொன்னார். அந்தச் சொல்லைப் பாடமாக்கினாள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் விசாவுக்கு நின்றபோது சொன்னாள். மகளின் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். வேலை கேட்டுப் போன வீடுகளில் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் ஆட்கள் முகத்தைத் தாழ்த்தினார்கள், கையைப் பிடித்தார்கள். நல்ல சனம், இவ்வளவு தூரத்தில் இருந்தும் அவரைத் தேடுகிற என் துயரம் இவர்களுக்கு விளங்குகிறது என்று அவள் நினைத்தாள்.

அத்தனை பேருக்கும் அவள்தான் கபிலன் செத்துப்போனான் என்று சொல்லியிருக்கிறாள். தன் வாயால்.

வகுப்பு முடிய, ஒவ்வோர் அணிக்கும் அவரவர் தாய்மொழியில் ஓர் எடுத்துக்காட்டோடு வர வேண்டும் என்று சில்வானா சொன்னார். வேணுகாவுக்கு அது காதில் விழுந்தது, எழுதிக்கொள்ளவில்லை. அவள் நினைவு முழுக்க சிஞ்ஞோரா மிரெல்லாவின் வீட்டு நீள அலுமாரியில் இருந்தது.

அந்த அலுமாரியின் மேல் வெள்ளிச் சட்டம் போட்ட படங்கள் வரிசையாக நிற்கும். சிஞ்ஞோராவின் கணவர், சகோதரர்கள், தாய், தகப்பன். நவம்பர் தொடங்க, இறந்தவர்களின் நாளுக்கு, அவற்றின் முன் சிவப்புக் கண்ணாடிக் குவளைகளில் சின்ன மெழுகுதிரிகள் எரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சிஞ்ஞோரா அவளிடம், உன் கணவரின் படம் இருந்தால் கொண்டுவா, அவருக்கும் ஒன்று கொளுத்துவோம் என்றார். வேணுகா அழுதுவிட்டாள். கையில் இருந்த ஒரே படத்தைக் கொடுத்தாள். சிஞ்ஞோரா அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு வைத்தார். வருடாவருடம் அந்த மெழுகுதிரியை வேணுகாவே வாங்கிவந்தாள், தானே கொளுத்தினாள். அவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று அந்தச் சுடரின் முன் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோராவைக் கதிரையில் இருத்தித் தலை வாரும்போதுதான் அவளுக்கு வாய் வந்தது. பின்னால் நின்று பேசுவது சுலபமாக இருந்தது.

"சிஞ்ஞோரா, கபிலன் இறந்துவிட்டார் என்று நான் உங்களுக்குச் சொன்னேனா?"

"சொன்னாயே. முதல் நாளே."

"என்ன சொல்லால் சொன்னேன்?"

சிஞ்ஞோரா யோசித்தார். எண்பத்தைந்து வயதானாலும் அவருடைய ஞாபகம் கூர்மை. "ஸ்கொம்பார்சோ என்றாய். எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்தேன்."

"எனக்கு அந்த நாகரிகம் தெரியாது, சிஞ்ஞோரா. அவரைக் காணவில்லை என்றுதான் சொன்னேன். கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சிஞ்ஞோரா மெல்லத் தலையைத் திருப்பி அலுமாரியைப் பார்த்தார். கையைச் சிலுவைக்குறி போட உயர்த்தி, பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

"மடோன்னா மீயா. உயிரோடு இருக்கிற ஆளுக்கா நான் இத்தனை வருடம் உன்னை விளக்குக் கொளுத்த வைத்தேன்?"

"இருக்கிறாரா என்றும் எனக்குத் தெரியாது" என்றாள் வேணுகா. சொன்னபின் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். இந்த வசனத்தை அவள் எந்த மொழியிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் மறுபடி தலை வாரத் தொடங்கினாள்.

"அதற்கு வேறு சொல் இருக்கிறது" என்றார் சிஞ்ஞோரா. "டிஸ்பெர்சோ. போரில் போய், செத்தார் என்றும் தெரியாமல் இருக்கிறார் என்றும் தெரியாமல் ஆனவர். என் பெரியம்மா கொன்செத்தாவின் புருஷன் ருஷ்யாவுக்குப் போர்செய்யப் போய் அப்படித்தான் ஆனார். அவள் கறுப்பு உடுக்கவில்லை. சனம் கண்டபடி கதைத்தது. பூப்போட்ட சட்டையோடு கோயிலுக்குப் போவாள். அவரின் படத்தை இந்த அலுமாரியில் வைக்க ஒருத்தரையும் விடவில்லை."

"பிறகு?"

"பிறகு அவளும் செத்தாள்." சிஞ்ஞோரா விரலால் காட்டினார். இடது கோடியில், சீருடை போட்ட ஓர் இளைஞன். பக்கத்தில் பூப்போட்ட சட்டையில் ஒரு பெண். "அந்தக் கிழமையே இரண்டு படத்தையும் சேர்த்து வைத்துவிட்டோம். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. அவர் இறந்த திகதி என்று எனக்குத் தெரிந்தது அதுதான்."

வேணுகா அந்த இளைஞனைப் பார்த்தாள். வருடக்கணக்காகத் தூசி துடைத்த முகம். அந்த இருவருக்கும் பக்கத்தில்தான் கபிலனின் படமும் நின்றது.

"எடுத்துக்கொண்டு போ மகளே" என்றார் சிஞ்ஞோரா. "இங்கே வைத்தது என் பிழை."

பிழை எவருடையது என்று வேணுகாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தைத் தன் சால்வையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டில் அதை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வியாக வந்தது. சாமித்தட்டில் வைக்க முடியாது. சுவரில் தனியாக மாட்டினால் வருகிற சனம் பார்த்தவுடன் ஒரு முடிவுக்கு வந்துவிடும். மேசைமேல் வைத்துவிட்டு அவள் யோசித்துக்கொண்டு நிற்கையில் சிவானுஜா பள்ளிக்கூடத்தால் வந்தாள். சிறுபிள்ளையாக பலேர்மோவுக்கு வந்தவள். அவளுடைய தமிழே சிசிலிக்காரரின் இழுவையில்தான் வரும்.

"அப்பாவின்ரை படம். சிஞ்ஞோரா ஏன் திருப்பித் தந்தவ? வேலை போட்டுதோ?"

வேணுகா நடந்ததைச் சொன்னாள். வகுப்பு, கரும்பலகை, சிஞ்ஞோரா எல்லாம். மகள் சப்பாத்தையும் கழற்றாமல் நின்று கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

"உனக்குத் தெரியுமோ பிள்ளை? அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தெண்டு?"

"ஓம் அம்மா. எப்பவோ தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தெரிஞ்சுதான் சொல்லுறியள் எண்டு நினைச்சன்." சிவானுஜா பையை இறக்கினாள். "சின்னனிலை நினைச்சன், அம்மாவாலை தமிழிலை சொல்லேலாது, இத்தாலியனிலை எண்டால் சொல்லுவா எண்டு. எனக்கு அது நல்லா இருந்தது. இஞ்சை வெளியிலை எண்டாலும் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கதையைக் கதைக்கிறம் எண்டு."

"அப்ப நீ என்ன நினைக்கிறாய்? அவர் இல்லை எண்டோ?"

"அம்மா, பாஸ்தா. காணும்."

"சொல்லு."

"பதினாறு வருசம், அம்மா. என்ரை சினேகிதி ஒருத்திக்கும் தகப்பன் இல்லை. அவள் கல்லறைக்குப் பூக் கொண்டு போறாள். அழுறாள், வாறாள், பிறகு பீட்சா சாப்பிடுறாள். எனக்கு அழவும் உரிமை இல்லை. அழுதால் நீங்கள் என்னைப் பாக்கிற பார்வை, நான்தான் அவரைச் சாக்காட்டின மாதிரி."

அப்படிப் பார்த்தது உண்மைதான். போரில் மாண்டவர்களுக்கு விளக்கேற்றும் மாவீரர் நாள் ஒன்றில் மகள் தகப்பனுக்கும் விளக்குக் கொளுத்தக் கேட்டபோது கையிலிருந்த நெருப்புப்பெட்டியைப் பறித்ததும் உண்மை. கபிலன் உயிரோடு இருக்கிறான் என்பதைத் தான் ஒருத்தியே சுமப்பதாக அவள் நினைத்திருந்தாள். அந்தப் பாரத்தில் பாதி மகளின் தோளில் அழுத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அலுமாரியின் இடது கோடியில் நின்ற இளைஞன் நினைவுக்கு வந்தான். தன் காலத்துக்குப் பிறகு அந்தக் கிழமையே கபிலனின் படத்தைக் கொண்டுபோய் இறந்தவர்களோடு வைக்கப்போவது இந்தப் பிள்ளைதான். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

"சிஞ்ஞோரா வேறை ஒரு சொல் சொன்னவ" என்றாள் கடைசியில். "டிஸ்பெர்சோ."

"அது பழைய சண்டைகளுக்குச் சொல்லுறது. பள்ளிக்கூடத்திலை சொன்னால் எல்லாரும் கேள்வி கேப்பினம். நான் ஸ்கொம்பார்சோ எண்டே சொல்லுறன். அதுக்கு உங்கடை கருத்தும் இருக்கு, என்ரை கருத்தும் இருக்கு."

ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள். சிலேடை என்று வேணுகாவின் மனம் தன்பாட்டில் பெயர் வைத்தது. பெயர் வைத்தபின்னும் வலி அப்படியே இருந்தது.

"படத்தை எனக்குத் தாங்கோ" என்றாள் சிவானுஜா. "மெழுகுதிரி கொளுத்தமாட்டன். பொட்டும் வைக்கமாட்டன். சும்மா வைச்சிருக்கிறன்."

வேணுகா கொடுத்தாள்.

அடுத்த வகுப்பில் சில்வானா ஒவ்வொருவராக எழுப்பி எடுத்துக்காட்டுக் கேட்டார். வேணுகா உவமைக்கு ஒன்றும் உருவகத்துக்கு ஒன்றும் சொன்னாள். மென்மையாக்கிச் சொல்லும் அணிக்கு எழுதவில்லை என்றாள். ஆசிரியை வற்புறுத்தாமல் கொட்வினைக் கேட்டார். அவன் ஆயத்தமாகத்தான் வந்திருந்தான்.

"எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், புரொபசோரெசா. அது கெட்ட சகுனம். சாகிறவன்தான் போகிறவன். அதனால் 'வாறன்' என்போம். உங்கள் மொழியில் வெங்கோ. போய்க்கொண்டே வெங்கோ என்போம்."

வகுப்பு ரசித்தது. "ஒருமுறை முதலாளிக்கு அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்" என்றான் கொட்வின். "மனுசன் கடையைப் பூட்டாமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது."

சில்வானா சிரித்தபடி கரும்பலகைக்குத் திரும்பினார். 'வருகிறேன்' என்பதை இத்தாலியனில் எழுதி, சமன் குறி போட்டு, 'போகிறேன்' என்று எழுதினார். "மிக அழகான எடுத்துக்காட்டு. பயமான சொல்லை மறைக்க அதன் எதிர்ச்சொல். அப்படியென்றால் நீங்கள் வெங்கோ என்று சொல்லும்போது உண்மையில் சொல்வது, நான் போகிறேன் என்பதுதான், இல்லையா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டான் கொட்வின்.

வேணுகாவுக்கு அந்தச் சமன் குறி மட்டும்தான் தெரிந்தது. அன்று பஸ் வாசலில் கபிலன் திரும்பினான். குழந்தையின் காலைத் தொட்டான். "வாறன்" என்றான். வேறு ஒன்றும் சொல்ல நேரம் இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் குங்குமம் வைத்தாள், சான்றிதழை மறுத்தாள். ஊரில் எல்லோரும் எல்லா வாசலிலும் சொல்கிற சொல் அது என்பதை அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"புரொபசோரெசா, அந்தக் குறி சரியில்லை."

"எந்தக் குறி, வேணுகா?"

"சமன். கொட்வின் கடையில் சொன்னால் அது சரி. நான் வேலைக்குப் போகும்போது சொன்னாலும் சரி. என் கணவர் ஒருமுறை பஸ்ஸில் ஏறும்போது சொன்னார். இன்னும் வரவில்லை. அவர் போகிறேன் என்று சொன்னதாக நான் எழுதமாட்டேன். வருகிறேன் என்றுதான் சொன்னார்."

கொட்வின் மேசையைப் பார்த்தான். சில்வானா சோக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அனுதாபம் ஒன்றும் சொல்லவில்லை. வேணுகாவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

"சொல்வது ஒரே சொல் என்றால்," என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார், "எது அணி, எது அணி இல்லை என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது?"

"வந்தால் தெரியும்" என்றாள் வேணுகா.

சில்வானா கரும்பலகைப் பக்கம் திரும்பி, இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, நடுவில் இருந்த குறியை மட்டும் விரலால் அழித்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. கொட்வின் வாசலில் அவளுக்காக நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"அக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பகிடிக்குத்தான்…"

"அதுக்கென்ன தம்பி. நீர் சொன்னதிலை பிழை இல்லை."

அவளுடைய பஸ் வந்து நின்றது. கொட்வின் வாயைத் திறந்து, விடைபெற ஒரு சொல்லும் வராமல் மூடிக்கொண்டான். வேணுகா குடையை மடக்கிப் படியில் ஏறி, அவன் பக்கம் திரும்பினாள்.

"வாறன்" என்றாள்.

"ஓம் அக்கா" என்றான் அவன். "வாங்கோ."